என்ன செய்தாலும் சம்மதம்

தாம்பரத்தில் வீட்டுக்கு வீடு கிணறு இருந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அக்கார்டியன் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்திலோ கோவில் திருவிழா மேடையிலோ மெல்லிசைக் குழு என்று பேனர் கட்டியிருக்கும். பாடுகிறவர்களுக்குப் பின்னால், மார்பில் ஒரு சிவப்புப் பெட்டியை மாட்டிக்கொண்டு, அதை இழுத்தும் அமுக்கியும் ஒருவர் வாசித்துக்கொண்டிருப்பார். எண்பதுகளில் செங்கல்பட்டுக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே அப்படி ஏதாவது கச்சேரி நீங்கள் கேட்டிருந்தால், அந்த ஆள் என் அப்பாவாக இருந்திருக்கலாம்.

அப்பாவுக்கு ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர் வேலை. சாயங்காலம் வந்து, நகக்கண்ணில் இருக்கிற கிரீஸ் போகும்வரை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவுவார். அதன்பிறகுதான் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுப்பார். திறந்ததும் ரசகற்பூர வாசனையும் பழைய தோல்வாரின் வாசனையும் சேர்ந்து வரும். வாசிப்பதற்கு முன்னால் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே மெதுவாக விரிப்பார். சத்தமே இல்லாமல் காற்று மட்டும் உள்ளே போகும், தூங்குகிற ஆள் மூச்சு இழுக்கிற மாதிரி. அந்தப் பொத்தானை அழுத்துகிற வேலையை எனக்குக் கொடுத்திருந்தார். எனக்கு அப்போது பத்து வயது.

குழுவில் டிரம்ஸ் வாசித்தவரை நான் டிரம்ஸ் மாமா என்பேன். பம்மலில் தோல் கம்பெனியில் வேலை பார்த்தார். குழுவின் ஒத்திகை மாடம்பாக்கம் ரோட்டில் ஒரு மாவு மில்லின் பின்பக்கம் நடக்கும். ஒத்திகை முடிந்து சேலையூரில் எங்கள் வீட்டுக்கு வரும்போது அப்பாவின் தலையிலும் அவர் தலையிலும் மாவு படிந்திருக்கும். அவரால் கையைச் சும்மா வைத்திருக்க முடியாது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில், குளிக்கப் போனால் வாளியில், ஒன்றும் கிடைக்காவிட்டால் என் ஜியோமெட்ரி பாக்ஸில் தாளம் போடுவார். ஒருமுறை அவர் எழுதிய பாட்டு லிஸ்டில் நான் எழுத்துப்பிழை கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து எனக்கு டீச்சரம்மா என்று பெயர்.

"இன்னா டீச்சரம்மா, இன்னிக்கு எத்தினி தப்பு கீது?" என்று லிஸ்டை நீட்டுவார். எனக்காகவே தப்பாக எழுதிக்கொண்டு வருகிறாரோ என்று பிற்பாடு தோன்றியிருக்கிறது.

அம்மாவுக்கு அவர்மேல் கோபமெல்லாம் கிடையாது. அவருக்குப் பிடிக்கும் என்று மீன்குழம்பில் கூடுதலாக ஒரு மாங்காய் போடுவாள். அம்மாவின் கவலை அப்பாவைப் பற்றியது. அப்பா கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் சர்ச்சுக்கு வருவார். சனிக்கிழமை கச்சேரி முடித்து விடிகாலையில் வருகிறவர் ஞாயிறு காலை தூங்காமல் என்ன செய்வார்? அம்மா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போவாள். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, "வீட்டுக்காரர் வரலையா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்தே அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பிடி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் வீட்டில் பெண்கள் கூடி ஜெபிப்பார்கள். அவரை நான் ஜெப ஆன்ட்டி என்பேன். குடித்துக் குடித்தே போன கணவர் அவருக்கு. அந்த மனுஷனுக்காகத் தான் போதுமான அளவு ஜெபிக்கவில்லை என்கிற குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. அதனாலேயே மற்றவர்கள் வீட்டுக்காரருக்காக அப்படிப் போராடினார். ஒரு நீள நோட்டில் எல்லாருடைய வேண்டுதலும் எழுதியிருக்கும். அதில் எங்கள் வீட்டுக்கான பக்கத்தில் இருந்தது ஒரே வரி: அப்பா பெயர், அதற்கு எதிரே "ஆண்டவரை ஆழமாய் அறிய."

அந்த வருடம் முழுப்பரீட்சை விடுமுறை தொடங்கிய வாரத்தில் ஜெப ஆன்ட்டி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"சின்னப் பிள்ளைங்க ஜெபம் சீக்கிரம் போய்ச் சேரும்மா. உங்க அப்பாவுக்காக நீயே தினமும் கேட்கணும். நான் சொல்லித் தரேன், அப்படியே சொல்லு."

அவர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். "கர்த்தாவே, எங்க அப்பா உம்மை ஆழமாய் அறியணும். அதுக்காக நீர் என்ன செய்தாலும் எங்களுக்குச் சம்மதம்."

எனக்கு ஆழம் என்றால் எங்கள் கிணறுதான். கோடையில் தண்ணீர் இறங்கி, தாம்புக்கயிறு போதாமல் இன்னொரு கயிற்றை முடிந்திருந்தோம். எட்டிப்பார்த்தால் அடியில் ஒரு தட்டு அளவுக்கு வெளிச்சம் தெரியும். அப்பா அவ்வளவு தூரம் இறங்கி ஆண்டவரைப் பார்க்க வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன். தினமும் காலையில் பல் தேய்த்ததும் கிணற்றடியில் நின்று அந்த இரண்டு வரியையும் சொல்லிவிடுவேன். ஒருநாளும் தவறவில்லை. இரண்டாவது வரிக்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவில்லை. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது, சொன்னேன்.

சித்திரை மாதம் கச்சேரிகள் நிறைய. ஒரு சனிக்கிழமை சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கல்யாண வரவேற்புக்கு வேனில் போனார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு படியில் இறங்கும்போது, வேனின் உள்ளேயிருந்து டிரம்ஸ் மாமா, "அண்ணே, டைம் ஆவுது, வாங்க" என்றார். என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, நாளைக்கு வந்து லிஸ்ட்டு தரேன்" என்றார். நான் கையை ஆட்டினேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை நாங்கள் சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அம்மா எனக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முடித்திருந்தாள். அப்போது குழுவில் தபேலா வாசிக்கிறவர் வந்து கதவைத் தட்டினார். நெற்றியில் பெரிய பிளாஸ்திரி. விடிகிற நேரத்தில் வண்டலூருக்கு இந்தப் பக்கம், ரோட்டோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் வேன் மோதிவிட்டது என்றார். அப்பாவுக்கு இடது கை உடைந்திருக்கிறது, உயிருக்கு ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார். அதன்பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, டிரம்ஸ் வாசிப்பவரின் உயிர் அந்த இடத்திலேயே போய்விட்டது என்றார்.

அம்மா என் தலையிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள். நான் அன்று முழுவதும் ஒரு பக்கம் பின்னலும் ஒரு பக்கம் விரித்த தலையுமாக இருந்தேன்.

அப்பா மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். கையில் மாவுக்கட்டு. அது பிரித்த பிறகும் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. நண்பரை அடக்கம் செய்தபோது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அக்கார்டியனைத் தபேலாக்காரர் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். மடிப்புகள் கிழிந்து, கட்டைகள் உதிர்ந்து, பல்வரிசையில் பாதி போன மாதிரி இருந்தது. அம்மா அதைப் பரண்மேல் ஏற்றிவைத்தாள். அப்பா அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. அந்த வருட மழையில் கரையான் பிடித்து, பழைய சாமான் வாங்குகிறவரிடம் போய்விட்டது.

அந்த மூன்று வாரமும் ஜெப ஆன்ட்டிதான் எங்கள் வீட்டில் வந்து தங்கினார். அவர் கஞ்சி வைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போகாவிட்டால் அம்மா சாப்பிட்டே இருக்க மாட்டாள். இதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமலே அப்பா சட்டை மாற்றிக்கொண்டு எங்களோடு கிளம்பினார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அம்மா அவருக்குப் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பக்கம் எடுத்துக் கொடுப்பாள். வாசலில் நிற்கும்போது என் கையை அவள் இறுக்கிப் பிடிக்கவில்லை. சந்தோஷமாக இருந்தாள், பாவம். நான் மட்டும் பாட்டு நேரத்தில் அப்பாவின் கையைப் பார்ப்பேன். முன்பெல்லாம் எங்காவது பாட்டுக் கேட்டால் அவர் வலதுகை விரல்கள் தொடைமேல் ஓடும். இப்போது சர்ச்சே பாடினாலும் அந்தக் கை அசையாமல் கிடந்தது.

நான் கிணற்றடி ஜெபத்தை நிறுத்திவிட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஜெப ஆன்ட்டி வீட்டில் அம்மாவைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். அம்மா எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பேசினாள். எத்தனை வருடமாகக் கேட்டாள், என்னவெல்லாம் அழுதாள் என்று சொல்லிவிட்டு, "இந்த விபத்து எங்க வீட்டுக்கு வந்த ஆசீர்வாதம். கர்த்தர் என் வீட்டுக்காரரைத் தடுத்து நிறுத்தித் தம்ம பக்கம் திருப்பினார்" என்றாள்.

ஜெப ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டு, "பக்கத்துல இருந்தவரை எடுத்து இவரை எச்சரிச்சீரே, ஸ்தோத்திரம்" என்றார். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நானும் சொன்னேன்.

வெளியே அப்போது மழை பிடித்திருந்தது. எங்களை அழைத்துப்போக அப்பா குடையோடு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. நாங்கள் வெளியே வந்ததும் குடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே முன்னால் நடந்தார்.

மறுநாள் காலை நான் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்தார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"நீயும் ஜெபிச்சியா?"

நான் தலையாட்டினேன்.

"என்னன்னு?"

இரண்டு வரியையும் சொன்னேன். இரண்டாவது வரியின் பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் காத்திருந்தார். முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அவனுக்காக யாராச்சும் ஏதாச்சும் கேட்டீங்களா?"

"யாருக்காகப்பா?"

"உன் டிரம்ஸ் மாமாவுக்காக."

"இல்லப்பா."

"அவன் பேராவது தெரியுமா உனக்கு?"

தெரியாது என்றேன். அப்பா அவர் பெயரைச் சொன்னார். நான் ஒருமுறை திருப்பிச் சொன்னேன். "எப்பவும் முன்சீட்டு எனக்குத்தான். அன்னிக்கு, 'அண்ணே, நான் காத்தாட உக்காந்துக்கறேன்'னு கேட்டான்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். உன்மேல் தப்பில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அதைச் சொல்லும் தெம்பு அவருக்கும் இல்லை என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அம்மாவிடம் சொன்னார். "ஆசீர்வாதம்னு சொன்னியே, அதை பம்மலுக்குப் போய் அவன் பொண்டாட்டி கிட்ட சொல்லிட்டு வா."

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அது ஜெபக்கூட்டத்துல சொன்னதுங்க. அங்க போய் எப்படிங்க சொல்றது?"

"இங்க சொல்லலாம், அங்க சொல்லக்கூடாதா? சொல்லக்கூடிய சங்கதின்னா எங்கயும் சொல்லலாம்."

"நீங்க போய்ப் பாத்தீங்களே, நீங்களே..."

"நான் போனா தெருவுல ஸ்டூல் போட்டு உக்காந்துட்டுத்தான் வரேன். அவ இத்தால இருக்கா. வெளி ஆம்பளைங்களைப் பார்க்க மாட்டா. நீ உள்ள போகலாம்."

கணவன் இறந்தால் முஸ்லிம் வீட்டுப் பெண்கள் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் இருப்பார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதன்பிறகு அப்பா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேறு பேச்சும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வருவார், பாட்டுப் புத்தகத்தை வாங்கி மூடிய மாதிரியே வைத்துக்கொள்வார். ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

ஆடியில் ஒரு சனிக்கிழமை அம்மா என்னைக் கிளம்பச் சொன்னாள். மின்சார ரயிலில் பல்லாவரம் போய், அங்கிருந்து பஸ்ஸில் பம்மல். இறங்கியதுமே தோல் வாடை முகத்தில் அடித்தது. வாசல் சாக்கடைகளில் நீலமாகத் தண்ணீர் ஓடியது. விசாரித்துக்கொண்டே போய் ஒரு சந்தில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். டிரம்ஸ் மாமாவின் அண்ணன்தான் கதவைத் திறந்து, நாங்கள் யார் என்று சொன்னதும் உள்ளறையைக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

டிரம்ஸ் மாமாவின் மனைவியை அதுவரை நான் பார்த்ததில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து அக்காமார்களைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருந்தார். வெளுத்துப்போன புடவை, வெறும் கை. தூளியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதை ஆட்டிக்கொண்டே, "உக்காருங்கக்கா. அண்ணன் கை எப்டி கீது?" என்று கேட்டார்.

அம்மா பாயில் உட்கார்ந்தாள். கொண்டுபோன பழங்களைக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் குழந்தையைப் பற்றிப் பேசினாள். சொல்லாமலே எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். திடீரென்று, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. கேட்டுட்டு நீ என்னைத் திட்டினாலும் பரவால்ல" என்றாள்.

சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபம், நோட்டு, நான் சொன்ன இரண்டு வரி, சாட்சி, ஆசீர்வாதம் என்ற வார்த்தை வரைக்கும் சொன்னாள். நான் பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தேன். தூளி ஆடுகிற சத்தம் நின்று, திரும்பவும் ஆரம்பித்தது.

"இதைச் சொல்றதுக்கா அவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார் அவர்.

"அவருதான் சொல்லிட்டு வரச் சொன்னாரு. ஆனா அதுக்காக மட்டும் வரலம்மா. என்னால தூங்க முடியல."

அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. தூளிக்குள் பார்த்துக்கொண்டே பேசினார். "நானும் அதையேதான்க்கா கேட்டுகினு இருந்தேன். அஞ்சு வேளையும் கேப்பேன். அல்லாவே, இந்த மனுசன் இந்தக் கொட்டு அடிக்கறதை வுட்டுட்டு பள்ளிவாசலுக்குப் போவணும், உன்னை நெனைக்கணும், உன் பக்கத்துல வரணும்னு. நோன்பு வெச்சிக்கினு அழுது கேட்டேன். அவரு சிரிப்பாரு. 'எல்லாம் போவேன், இன்னா அவசரம்'னு சொல்லுவாரு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப அவன் பக்கத்துலயே போய்ட்டாரு. நான் கேட்டா மாதிரியேதான். ரெண்டு பேரும் ஒண்ணையேதான் கேட்டிருக்கோம். உங்களுக்கு ஆளையாச்சும் வுட்டு வெச்சான்."

அம்மா அவர் கையைப் பிடித்து அதில் நெற்றியை வைத்து அழுதாள். சர்ச்சில் அழுத அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை. சத்தம் வெளியே வராமல் முதுகு மட்டும் குலுங்கியது. அவர் இன்னொரு கையால் தூளியைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்கக்கா, புள்ள முழிச்சிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் எழுந்தபோது என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா நீதானா? லிஸ்ட்டு எழுதிக்கினு உக்காந்திருப்பாரு. 'ஒரு தப்பாவது வெக்கணும், இல்லாங்காட்டி அந்தப் பாப்பா மொகம் வாடிப்பூடும்'னு சொல்லுவாரு."

நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு சந்துமுனை வரை நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முகம் கழுவிவிட்டு அப்பாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"காபி ஆறிடும், குடிங்க" என்றாள் அம்மா.

அவர் வற்புறுத்தவில்லை. அம்மா கடைசிவரை அதை அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதைத் தாங்க அவரால் முடியாது என்று நாங்கள் தனித்தனியே முடிவுசெய்துகொண்டோம்போல.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் வழக்கம்போல நானும் அம்மாவும் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அம்மா கண்ணை மூடி, "கர்த்தாவே, இவங்க அப்பாவை..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. பம்மல் பெண்ணின் பெயரைச் சொன்னாள். அதற்கு மேல் அதற்கும் ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தோம். வாசல்படியில் உட்கார்ந்திருந்த அப்பா, உள்ளே திரும்பாமலே, "ஆமென்" என்றார். எங்கள் வீட்டு ஜெபத்துக்கு அவர் ஆமென் சொல்லி நான் கேட்டது அது ஒருமுறைதான்.

அம்மா அதன்பிறகு வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினாள். ஜெப ஆன்ட்டி இரண்டு முறை வந்து கூப்பிட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். அப்பா சர்ச்சுக்கு வருவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பழையபடி பண்டிகைக்கு மட்டும் என்று ஆனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பக்ரீத்துக்கு முந்தின நாள் இருவருமாகப் பம்மலுக்குப் போய்விட்டு வருவார்கள். சில வருடங்களில் அந்தப் பெண் குழந்தையோடு ஆம்பூர் பக்கம் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். அதோடு விட்டுப்போனது.

அப்பா ரிட்டையர் ஆகிப் பதினோரு வருடம் இருந்தார். நல்ல மனுஷன், கடைசிவரைக்கும் அமைதியான மனுஷன். என் பிள்ளைகளுக்கு அவரை அப்படித்தான் தெரியும். தட்டில் தாளம் போடுகிற நண்பனோடு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, தலையில் மாவோடு படியேறி வந்த ஒருவரை அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை. அவர் ஆண்டவரை எவ்வளவு ஆழமாக அறிந்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. அந்த மாவு மில்லின் பின்பக்கத்தில் வைத்து அறிந்திருந்தாரோ என்னவோ. நாங்கள் யாரும் அங்கே போய்ப் பார்க்கவில்லை.

இப்போது என் மகன் வெளியூரில் இருக்கிறான். கோவில், சர்ச் என்று எதற்கும் போவதில்லை. "அவனுக்காக என்ன விண்ணப்பம் வைக்கட்டும்?" என்று நம் சபையில் உங்களில் சிலரே அக்கறையோடு என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நான் அவன் பெயரை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது உங்களுக்கு விநோதமாக இருந்திருக்கும். தினமும் அவனுக்காக ஜெபிக்கிறேன். பெயரைச் சொல்வேன். அதற்கு மேல் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.